பழைய கருவிகளோடு ஒரு கடல் நீர்த் தொட்டி: சேலத்தில் என் அனுபவம்

கடல் நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படும் சேலத்துக்காரர் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: கருவிகளைப் பழையதாகவே வாங்குங்கள், ஆனால் அவற்றைக் கழுவ அவசரப்படாதீர்கள். ஊர் மாறிப் போன ஒருவரிடமிருந்து நான்கடித் தொட்டி, சம்ப் (வடிகட்டும் கீழ்த்தொட்டி), நீரிலிருந்து கழிவை நுரையாகப் பிரிக்கும் அக்ரிலிக் ஸ்கிம்மர், பம்பு, நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர்கள், ஹீட்டர், ஆர்.ஓ. கருவி என்று மொத்தமாக வாங்கினேன். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அவை வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

விலை பேசும் முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தொட்டியில் தாமிர மருந்து போட்டிருக்கிறீர்களா? "மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தபோது போட்டேன், தம்பி" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மீனைக் காப்பாற்றும் அளவுத் தாமிரமே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். சுண்ணாம்புக் கல்லும் மணலும் அதைப் பிடித்து வைத்திருந்து பிறகு மெல்ல வெளியே விடும். எனவே கல், மணல் இரண்டையும் வேண்டாமென்று விட்டுவிட்டேன். தாமிரம் ஒருபுறம் இருக்க, கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. பவளக் கல்லை இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

கருவிகளில் ஒட்டியிருந்தது இரண்டு விதமான அழுக்கு. ஒன்று சுண்ணாம்புப் படிவம், மற்றொன்று உயிருள்ளது: பாசி, கிருமி, ஐப்டேசியா என்ற கொட்டும் பூவுயிரியின் துணுக்குகள். படிவத்தை அமிலம் கரைக்கும். கிருமியைக் குளோரின் கொல்லும். அமிலம்தான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் படிவத்தின் அடியில் ஒளிந்திருப்பதைக் குளோரின் எட்டாது. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் பம்பையும் வேவ் மேக்கரையும் இரவு முழுக்க ஓடவிட்டேன். குமிழி எழும்பிக்கொண்டே இருந்தால் சுண்ணாம்பு இன்னும் கரைகிறது என்று பொருள். ஸ்கிம்மர் போன்ற பெரிய பொருளுக்கு வினிகர் கட்டுப்படியாகாது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக்கொண்டேன். அக்ரிலிக்கில் கொதிநீரோ ஸ்பிரிட்டோ பட்டால் நுண்விரிசல் விழும்.

பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். இதில் கொஞ்சமும் சோம்பல் கூடாது. அமிலம் ஒட்டியிருக்கும் பொருளைப் பிளீச்சில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. மொட்டை மாடியில் வைத்துத்தான் அந்த வேலையைச் செய்தேன். வாசனை சேர்க்காத திரவப் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கால்மணி நேர ஊறல். பிளீச்சிங் பவுடர் மறுபடியும் சுண்ணாம்பைப் படியவைக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. அலசிய பின், மிச்சக் குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் கலந்த நீரில் முக்கி எடுத்து, காயவைத்தேன். நன்றாக உலர்வதும் ஒரு மருந்துதான். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியின் கூடுகள் ஈரமில்லாமல் பிழைக்காது. சோப்பு எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

கண்ணாடியைப் பிளேடால் சுரண்டினேன், மூலைகளில் இருக்கும் சிலிக்கோனை மட்டும் விட்டுவிட்டு. தண்ணீர் நிரப்பி, தாமிரச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று உறுதியான பிறகே உப்பு கலந்தேன்.

இனி, எது எப்படி உழைத்தது என்பது. ஸ்கிம்மர்தான் என் மனத்துக்கு நெருக்கமானது. கழுவிய புதிதில் சில நாட்கள் நுரையே சரியாக நிற்காது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் பிறகு இன்றுவரை கறுத்த கழிவைத் தவறாமல் எடுத்துக் கொடுக்கிறது. பம்பின் மோட்டார் அருமை. உள்ளே சுழலும் இம்பெல்லரை மட்டும் மாற்றினேன். வேவ் மேக்கர்களில் ஒன்றின் காந்த உறையில் மயிரிழை விரிசல் விழுந்து துரு கசிந்தது. கடல் நீரில் துரு என்றால் மறுபேச்சில்லை, குப்பைக்குத்தான் போக வேண்டும். பழைய வேவ் மேக்கர் வாங்குவோர் காந்த உறையை வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஆர்.ஓ. கருவியின் கூடுகளைக் கழுவி வைத்துக்கொண்டு, மெம்பிரேன், வடிகட்டிகள், மிச்ச உப்பைப் பிடிக்கும் ரெசின் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். குளோரின் பட்டால் மெம்பிரேன் வீணாகிவிடும், ஆகவே பழையதைச் சுத்திகரிக்க வழியில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும், மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து வடிகட்டினால் ரெசின் கூடுதல் காலம் தாங்குகிறது. சேலத்துக் கோடையில் மின்விசிறி வைத்துத்தான் தொட்டியைக் குளிர்விக்கிறேன். அதனால் நீர் வேகமாக ஆவியாகி, தினமும் நன்னீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் ஆர்.ஓ. கருவியில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பழைய ஹீட்டரை நான் பயன்படுத்தவே இல்லை. கண்ணாடிக் குழாயில் விரிசல் விழுந்தாலும், தெர்மோஸ்டாட் அணையாமல் நின்றுவிட்டாலும் ஒரே இரவில் தொட்டியே போய்விடும். இங்கே அதற்குத் தேவையும் குறைவு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் டிசம்பர் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. அங்கே தொட்டி வைப்பவர்கள் மற்ற எதைப் பழையதாக வாங்கினாலும் அதைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.