ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சி: சேலத்துக் கட்டடத் தளங்களிலும் ஆலைகளிலும் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் ஆள் எடுக்கும்போது ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பது சேலம் வட்டாரத்தில் பழகிவிட்டது. மேட்டூர்ப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரும் வாங்குகிறார், சேலம் ஐந்து ரோடு பகுதியில் அடுக்குமாடி கட்டுபவரும் வாங்குகிறார். தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்ததில் எங்கள் தீர்ப்பு இது: நாளை செய்யப்போகும் வேலைக்கான பாடத்தை இன்று, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவைத்தால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. சேர்ந்த அன்றே எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிச் சான்றிதழை ஃபைலில் போட்டால், சாரத்தின் மேல் நிற்பவருக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

முதல் சிக்கல் பதிவு செய்வதிலேயே தொடங்குகிறது. பெரும்பாலான தளங்கள் ஒரு செல்போன் எண்ணுக்கு ஒரு ஆள் என்ற கணக்கில் இயங்குகின்றன. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் பலரிடம் வீட்டுக்கு ஒரு போன்தான். பீகார், ஒடிசாவிலிருந்து வருபவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வேறு சிம்மோடு வருகிறார்கள். பழைய பதிவு பழைய எண்ணோடு போய்விடும். அதனால் செல் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனம் தரும் பணியாளர் எண்ணை வைத்து உள்ளே நுழையும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பெயரை ஆதாரில் உள்ள எழுத்துப்படியே ஏற்றுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஆலை வாசலில் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தனித்தனியாகப் போனில் பார்க்கவிட்டால் நடப்பது தெரிந்ததே. வீடியோ தானாக ஓடும், ஆள் வேறு வேலை பார்ப்பார். கேள்விகள் அதே வரிசையில் வருவதால் ஒருவர் கண்டுபிடித்த விடை பத்துப் பேருக்கும் போய்விடும். சில இடங்களில் சூப்பர்வைசரே எல்லோருடைய பெயரிலும் உட்கார்ந்து முடித்துக் கொடுக்கிறார். இதற்குத் தொழிலாளியைக் குறை சொல்லவே கூடாது. சம்பளம் இல்லாத நேரத்தில், எட்டு மணி நேரம் கம்பி கட்டிய கையோடு படி என்றால் யார் படிப்பார்? பயிற்சி நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுவது, எந்த மென்பொருள் வசதியையும் விட அதிகம் வேலை செய்கிறது.

சரியாக வந்த முறை கூட்டாகப் பார்ப்பது. பன்னிரண்டு முதல் பதினைந்து பேர், ஒரு டிவி, தனி ஸ்பீக்கர், காலையில் வேலை தொடங்கும் முன். சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் பாதிப் பேர் தூங்குவார்கள். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "நம்ம சைட்ல இது எங்க இருக்கு?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் உண்மையான தேர்வு. இந்திக்காரர்களும் தமிழ் ஆட்களும் கலந்திருந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரே வீடியோவை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது இரு தரப்புக்கும் பயன்படாது.

உயரத்தில் வேலை செய்யும் பாடத்தில் எல்லா நிறுவனங்களின் படமும் அழகாக இருக்கும். ஆனால் முக்கியமான கணக்கைப் பல பாடங்கள் சொல்வதே இல்லை. உடலில் மாட்டும் பாதுகாப்புப் பெல்ட்டின் கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சி தாங்கும் பை பிரிந்து இன்னும் 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். தரைக்கு மேலே மிச்சம் இருக்க வேண்டியது 1 மீட்டர். கூட்டினால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறத்தாழ 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். முதல் தள சிலாப் 3 மீட்டர் உயரம்தான். அங்கே காலடியில் கொக்கி மாட்டி நிற்பவர் விழுந்தால், பெல்ட் இழுத்துப் பிடிக்கும் முன்பே தரையில் மோதுவார். ஒரு மாடி உயரத்துக்குப் பெல்ட்டை நம்பாமல் ஓரத் தடுப்புக் கட்டுங்கள்: இடுப்பு உயரத்தில் ஒரு குழாய், நடுவில் ஒன்று, காலடியில் 15 சென்டிமீட்டர் பலகை. பெல்ட் போட்டே ஆக வேண்டிய இடத்தில் தலைக்கு மேலே மாட்டுங்கள். கயிறு தானாகச் சுருங்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

மாட்டும் இடம் இரண்டு டன்னுக்கு மேல் இழுவை தாங்க வேண்டும். சாரத்தின் குறுக்குக் குழாயும், தண்ணீர்ப் பைப்பும், ஜன்னல் கம்பியும் அதற்கு உதவாது. தொடை வாரைத் தளர்வாக விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விழுந்தவர் தொங்கும்போது அந்த வார் மேலேறி நசுக்கும். தட்டையான உள்ளங்கை நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. இதை வீடியோவில் கற்க முடியாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வலுவான உத்தரத்தில் ஆளைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் வைத்தால் போதும். அதன் பிறகு யாரிடமும் வாரை இறுக்கு என்று சொல்ல வேண்டியிருக்காது. தொங்கும் ஆளைச் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும், காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். எப்படி இறக்குவது, யார் இறக்குவது என்பதை ஏறும் முன்பே பேசி முடியுங்கள்.

மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகளுக்கு மிகவும் தேவைப்படுவது மூடிய தொட்டிப் பாடம். கிழங்குக் கழிவுநீர் தேங்கும் தொட்டியிலும் சாண எரிவாயுக் கலன் போன்றவற்றிலும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் தங்கும். அதனால் வாய், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடமாவது. முதலில் ஆக்சிஜன்: 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள். பிறகு எரியும் வாயு, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவின் (கீழ் எல்லை) 10 சதவீதத்துக்குக் கீழ். பிறகு ஹைட்ரஜன் சல்பைடு, 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கீழ். வரிசைக்குக் காரணம் உண்டு: ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வாயு அளக்கும் பெரும்பாலான டிடெக்டர்கள் எரியும் வாயுவைக் குறைத்தே காட்டும்.

பாடங்கள் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. இறங்கும்போது அளவு சரியாக இருக்கும். மண்வெட்டியால் சேற்றைக் கிளறியவுடன் அதில் அடைபட்ட வாயு வெளிவரும். ஆகவே டிடெக்டர் வேலை முடியும்வரை உள்ளே இருப்பவரின் நெஞ்சுப் பக்கம் இருக்க வேண்டும். முட்டை அழுகிய வாடை நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போகும். துணி முகமூடி வாயுவைத் தடுக்காது. வடிகட்டி மாட்டிய முகமூடியும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உதவாது. உள்ளே ஒருவர் விழுந்தால் அடுத்தவர் இறங்கக் கூடாது. தொட்டி வாயின் மேல் நிறுத்தும் மூன்று கால் தாங்கியிலிருந்து அவர் உடலில் கயிறு முன்பே மாட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்கலாம். டிடெக்டரை இயக்கவும், தினமும் சோதனை வாயு கொடுத்துப் பார்க்கவும் ஆலைக்கு இரண்டு பேருக்காவது நேரில் கற்றுத்தர வேண்டும். இந்தப் பாடம் முடித்த சான்றிதழை மட்டும் நம்பி ஒருவரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.

ஆன்லைனில் உண்மையிலேயே நன்றாக இருப்பது மின் இணைப்பைப் பூட்டும் பாடம். மெயினை அணை, சொந்தப் பூட்டுப் போடு, பெயர் அட்டை தொங்கவிடு, பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார் என்ற வரிசை படமாகப் பார்த்தால் மனதில் தங்குகிறது. கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஜெனரேட்டர் வழியாக மின்சாரம் திரும்பி வருவதையும், ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தம் மிச்சமிருப்பதையும் உங்கள் ஆலைக்கு ஏற்ப நீங்களே சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரைண்டர் பாடமும் பரவாயில்லை. நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும்; வீலில் அச்சடித்த வேகம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது, நடு வளையத்தில் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள். வெயில் பாடத்தைச் சேலத்தில் மார்ச் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். தாகம் எடுக்கக் காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பதே அதன் சாரம்.

ஏற்காட்டில் விடுதி கட்டுபவர்களுக்குப் பள்ளம் தோண்டும் பாடம் போதாது. எல்லாப் படங்களும் சமதளத்தில் எடுத்தவை. 1.5 மீட்டர் ஆழத்துக்கு மேல் முட்டுக்கொடு என்பது மலைச்சரிவுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே வெட்டிய மண்ணை மேட்டுப் பக்கம் குவித்தால் ஒரு மழையில் அது ஆள்மேல் வரும். மழைக்கு மறுநாள் வெட்டு விளிம்பில் விரிசல் பார்க்காமல் யாரையும் இறக்காதீர்கள். சிக்னலும் மலையில் சீராக இல்லை. போனில் இறக்கி வைத்து, இணையம் இல்லாமலே ஓட்டும் வசதி உள்ள பாடமாக வாங்குங்கள்.

மேக்னசைட் சுரங்க ஆட்களுக்கு ஆன்லைன் சான்றிதழ் கூடுதல் துணைதான். சுரங்கத் தொழிற்பயிற்சிக்கு 1966-இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. அந்தப் பயிற்சிக்கு இது ஈடாகாது.

வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேளுங்கள்: யார் எந்தக் கேள்வியைத் தவறவிட்டார், எத்தனை முறை முயன்றார் என்ற விவரம் உங்களுக்குக் கிடைக்குமா? வெறும் தேர்ச்சிப் பட்டியல் தருபவரிடம் வாங்காதீர்கள். பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே கேள்வியைத் தவறவிட்டிருந்தால், மறுநாள் காலைக் கூட்டத்தில் பேச வேண்டியது அதுதான்.