கர்லாக்கட்டை வாங்கலாமா? வாங்குங்கள், லேசானதாக

வீட்டில் உடற்பயிற்சிக்கு ஒரே ஒரு சாமான் வாங்குவதானால் எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நான் கர்லாக்கட்டையைத்தான் சொல்கிறேன்: கையில் பிடித்துத் தோளைச் சுற்றி வீசிச் சுழற்றுகிற, ஒரு முனை பருத்த மரக்கட்டை. டம்பெல் மோசம் என்று சொல்ல வரவில்லை, ஜிம்முக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. உடம்பை வருத்துவது என்றாலே முகம் சுளிக்கிற ஒருவரை, "இன்னைக்கு இன்னும் கொஞ்சம் சுத்தலாமே" என்று தானாகவே மொட்டை மாடிக்கு ஏற வைக்கிற சாமான் எது என்றால், நான் பயன்படுத்திப் பார்த்தவற்றில் இதுதான்.

நான் வாங்கியது மதுரையில் ஒரு கடைசல் பட்டறையில். கட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடித் தூண், பூரிக்கட்டை என்று எல்லாம் கடைகிற இடம். கர்லாக்கட்டை கேட்டு வருபவர்களுக்கு மட்டும் தனியாகக் கடைந்து தருகிறார்கள். வேப்ப மரம், ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ, ஜோடி 1,600 ரூபாய். நான் மூன்று கிலோ ஜோடியைத்தான் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "புதுசாச் சுத்தப் போறீங்களாண்ணே? அப்ப அதைக் கீழ வைங்க, இதை எடுங்க. பெருசு வேணும்னா அடுத்த வருஷம் வாங்க, நானே கடைஞ்சு தாரேன்" என்றார். விலை கூடின பொருளை விற்காமல் விலை குறைந்ததைக் கையில் கொடுத்தாரே, அதற்காகவே அந்தப் பட்டறைக்கு முழு மதிப்பெண்.

அவர் சொன்னதன் அர்த்தம் சுற்ற ஆரம்பித்ததும் புரியும். டம்பெல்லின் எடை உங்கள் உள்ளங்கையிலேயே இருக்கிறது. கர்லாக்கட்டையில் பிடி ஒல்லியாக ஒரு முனையில், கனம் எல்லாம் மறுமுனையில். அதனால் ஒன்றரைக் கிலோ என்பது கையை வீசும்போது ஒன்றரைக் கிலோவாக நடந்துகொள்வதில்லை. அடிப்படைச் சுற்று எளிமையானதுதான்: கட்டையைத் தோளுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து, தோள் மேலாகப் பின்பக்கம் விட்டு, முதுகுக்குப் பின்னால் தொங்கி ஊசலாடுவதை அப்படியே மறுபக்கத் தோள் வழியாக முன்னால் கொண்டுவர வேண்டும். முதுகுக்குப் பின்னால் கட்டை அடிமட்டத்துக்கு வரும் அந்த ஒரு கணத்தில் இழுப்பு மிக அதிகம். அங்கிருந்து மேலே ஏறும்போது, அதன் வேகத்தை நீங்கள் தடுக்காமல் இருந்தால், பாதி வேலையை அதுவே செய்துகொள்ளும்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை இறுக்கி, "சீக்கிரம் முடிஞ்சா சரி" என்று சுற்றினால் முன்னங்கை எரிய ஆரம்பித்துவிடும், கட்டை தலையில் தட்டும், தோள் காதுவரை ஏறிக்கொள்ளும். பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, கட்டை எங்கே போக விரும்புகிறது என்று கவனித்து, அது கனக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பலம் கொடுத்தால் அதே கட்டை, அதே எடை, சுகமாகச் சுழலும். வேண்டாவெறுப்பாகச் செய்தால் அடுத்த சுற்றிலேயே அது காட்டிக் கொடுத்துவிடும். நான் பார்த்த வேறு எந்த உபகரணமும் மனநிலைக்கு இவ்வளவு வேகமாகப் பதில் சொல்வதில்லை. ட்ரெட்மில்லில் எரிச்சலோடு ஓடினாலும் பெல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நம்மில் பலருக்கு உடல் உழைப்பு மேல் கசப்பு வந்ததே பள்ளிக்கூடத்தில்தான் என்று நினைக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதவில்லையா, தோப்புக்கரணம் போடு. தாமதமாக வந்தாயா, கிரவுண்டைச் சுற்றி ஓடு. ஓடுவதும் உட்கார்ந்து எழுவதும் தண்டனை என்று பத்துப் பன்னிரண்டு வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, நாற்பது வயதில் சர்க்கரை எட்டிப் பார்க்கும்போது "தினமும் உடற்பயிற்சி செய்யுங்க" என்றால் மனசு எப்படி ஒத்துழைக்கும்? ஆனால் அதே தோப்புக்கரணத்தைப் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு போடும் பாட்டிகளைப் பாருங்கள். முழங்காலுக்குச் சுமை ஒன்றுதான், தொடை படுகிற பாடும் ஒன்றுதான். முகம் மட்டும் வேறு. யாரும் அவர்களை எண்ணச் சொல்லவில்லை, அவர்களாக எண்ணிக்கொள்கிறார்கள், முடித்ததும் இன்னும் மூன்று சேர்த்துப் போடுகிறார்கள். நேர்மறை மனப்பான்மை என்று பெரிய வார்த்தையில் சொல்லப்படுவதை நான் அந்த முகத்தில்தான் பார்க்கிறேன். வலிக்கவில்லை என்று நடிப்பதோ கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று கத்துவதோ எனக்குக் கைகொடுக்கவில்லை. இதை நானாக எடுத்துக்கொண்டேன், யாரும் என் மேல் சுமத்தவில்லை என்ற எண்ணம்தான் கைகொடுத்தது.

கர்லா சுற்றுவதில் அந்த எண்ணம் எளிதாக வருவதற்குக் காரணம், கற்றுக்கொள்ள ஏதாவது ஒன்று எப்போதும் பாக்கி இருப்பது. வலது கை பழகியதும் இடது கை முரண்டு பிடிக்கும். இரண்டும் பழகியதும் சேர்த்துச் சுற்ற வேண்டும். அப்புறம் ஒன்று முன்னால் போகும்போது மற்றது பின்னால் போக வேண்டும். அதனால் மாடிக்குப் போகும்போது "இருபது நிமிடம் கஷ்டப்பட வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு போவதில்லை. "இன்றைக்கு இடது கையைச் சரிசெய்ய வேண்டும்" என்று போகிறேன். உழைப்பு அதேதான், வியர்வையும் அதேதான், ஆனால் மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. கவனம் கட்டையில் இருப்பதால் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுவதே இல்லை.

ஆரம்பத்தில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு பழைய தேகப்பயிற்சி சாலைக்குச் சில வாரம் போய்க் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்வது நல்லது. தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழும் பயிற்சி), கர்லா, இவ்வளவுதான் அங்கே. எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர் என்னுடையதைவிட மூன்று மடங்கு பெரிய கட்டையைச் சுற்றிக்கொண்டே பேரன் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஆசான் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, "மூச்சை அடக்காதப்பா, கட்டை பின்னால போகும்போது இழு, முன்னால வரும்போது விடு". இரண்டு, "நல்லா வந்துக்கிட்டு இருக்கும்போதே கீழ வச்சிரு". இரண்டாவதை நம்ப எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது, ஏனென்றால் முடியாமல் விழும்வரை செய்தால்தான் பயிற்சி என்று நாம் வீடியோக்களில் பார்த்துப் பழகிவிட்டோம். அவர் சொன்னபடி செய்தால், ஆசை மிச்சம் இருக்கும்போதே கட்டை கீழே போகிறது, மறுநாள் அந்த மிச்சம்தான் நம்மை மாடிக்கு அழைத்துப் போகிறது. எவ்வளவு வேகத்தில் செய்யலாம் என்பதற்கும் எளிய அளவு ஒன்று உண்டு: பேச முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் மிதமான உழைப்பு. பேசவே முடியாத அளவுக்குத் தினமும் விரட்டிக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சி மேல் வெறுப்புதான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், அதோடு குறைந்தது 2 நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது. கர்லா இதில் தோள், முதுகு, முன்னங்கை, இடுப்புச் சுற்று எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கிறது. கால்களுக்குப் போதாது, அதை ஒளிக்கத் தேவையில்லை. அதனால் நான் பஸ்கியும் காலை நடையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கட்டைக்கு ஒரு வெளிநாட்டுக் கதையும் உண்டு. இந்தியாவில் மல்லர்களும் வீரர்களும் சுற்றுவதைப் பார்த்த ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதைத் தங்கள் ராணுவப் பயிற்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவியது. 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இதன் லேசான வடிவம் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு போட்டியாகவே இருந்தது. 1932இல் தங்கம் வென்ற அமெரிக்கர் ஜார்ஜ் ராத், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலை இல்லாமல் இருந்தவர். கையில் காசில்லாத காலத்தில் ஒரு மனிதர் இந்தக் கட்டைகளோடு அவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வருகிறது. நம்மிடமிருந்து போன பொருள், நம் வீடுகளில்தான் குறைந்துவிட்டது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஹாலில் சுற்ற முடியாது. மின்விசிறி, டியூப்லைட், டிவி, குறுக்கே ஓடும் குழந்தை, எல்லாமே ஆபத்து. இரண்டு கையையும் கட்டையோடு நீட்டினால் எதுவும் படாத வெளி வேண்டும். மொட்டை மாடி இல்லாத அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு இது நிஜமான சிக்கல். தோள் ஏற்கெனவே நழுவியவர்கள், தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாதவர்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் தொடவே வேண்டாம். முதல் வாரத்தில் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தோளும் முதுகும் வலிப்பது இயல்பு. பழகாத தசை வேலை செய்தால் அப்படித்தான் வலிக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். அந்த மந்தமான வலியைக் கண்டு பயப்படவேண்டாம். மூட்டில் சுருக்கென்று குத்தினால் மட்டும் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். வலியைத் தாங்குவது வேறு, ஆபத்தைப் பொறுத்துக்கொள்வது வேறு. நல்ல மனப்பான்மை என்ற பெயரில் இரண்டாவதைச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வீட்டில் இது செய்த இன்னொரு வேலையையும் சொல்லவேண்டும். அப்பாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. நடக்கக் கூப்பிட்டால் முட்டி வலி என்பார். நான் சுற்றுவதைத் தினமும் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள், "குடுப்பா, நாங்க சின்ன வயசுல சுத்துனதுதான்" என்று ஒரு கட்டையை வாங்கினார். டாக்டரிடம் ரத்த அழுத்தத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டு, இப்போது ஒற்றைக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சுற்றுகிறார். அவரை யாரும் எழுப்பிவிட வேண்டியதில்லை, எனக்கு முன்னாலேயே மாடியில் இருக்கிறார்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: ஆண்கள் ஒன்றரைக் கிலோ, பெண்களும் வயதானவர்களும் ஒரு கிலோவில் ஆரம்பித்தால் போதும், கடைக்காரர் பெரியதைக் காட்டினாலும் மயங்காதீர்கள். பிடியின் முனையில் குமிழ் இருக்கவேண்டும், இல்லையென்றால் வியர்த்த கையிலிருந்து வழுக்கிப் பறக்கும். நண்பர் ஒருவர் ஆன்லைனில் வாங்கியது பளபளவென்று வார்னிஷ் அடித்து வந்தது. பார்க்க அழகு, பிடித்தால் சோப்புக் கட்டி, கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் பயன்படுத்துகிறார். மரம் நன்றாகக் காய்ந்ததா என்று கேளுங்கள், ஈர மரத்தில் கடைந்தால் கோடையில் விரிசல் விடும். ஜோடியை அங்கேயே தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள்; ஒன்று நூறு கிராம் கூட இருந்தாலும் சேர்த்துச் சுற்றும்போது கை சொல்லிவிடும். மழைக்காலத்தில் மாடியிலேயே விட்டுவிடாமல் உள்ளே எடுத்து வைத்து, எப்போதாவது ஆளி விதை எண்ணெய் பூசித் துடைத்தால் போதும், வேறு பராமரிப்புச் செலவு எதுவும் இல்லை.