'ரன்' என்ற ஒரே சொல்லுக்காக நான் சந்தா கட்டிய அகராதி

வசன வரிகளை மொழிபெயர்ப்பது என் தொழில். பத்திரிகை அலுவலகத்தில் நடக்கும் ஒரு தொடரில், ஆசிரியர் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, "வீ கான்ட் ரன் திஸ்" என்று மேசைமேல் போடுகிறார். கைபேசியில் இருந்த ஒரு சின்ன அகராதியைத் திறந்தேன். ரன்னுக்கு ஆறு பொருள் போட்டிருந்தது. அவசரத்தில் "இதை நம்மால் நடத்த முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "இதை நாம் வெளியிட முடியாது" என்று வந்திருக்க வேண்டும். தொடர் வெளியான பிறகுதான் தவறு கண்ணில் பட்டது. பல நாள் அது என்னை உறுத்தியது. அப்புறம்தான் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இணையப் பதிப்புக்குச் சந்தா கட்டினேன்.

முதலில் தேடியது ரன்னைத்தான். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்குத்தான் இருந்தது: 430க்கும் மேற்பட்ட பொருள்கள், சுமார் 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தி எழுதியபோது ரன் அதை முந்திவிட்டது. இந்த ஒரு சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். ரன் இப்படிப் பெருத்ததற்கு இயந்திரங்களும் கணினியும் ஒரு முக்கியக் காரணம். எஞ்சின், மென்பொருள், சோதனை என்று எதை இயக்கினாலும் ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் போதும்.

இந்த அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. பழையது முதலில், புதியது பின்னால். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆண்டோடு மேற்கோள்கள். எனக்குப் பெரிய உதவி இதுதான். மூக்கு ஒழுகினாலும் துணியில் சாயம் இறங்கினாலும் ஆங்கிலத்தில் ரன்தான். இதை ஏதோ உவமையாகப் பிறந்த வழக்கு என்றே நினைத்திருந்தேன். ஆனால் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் பொதுவான இதன் ஜெர்மானிய வேரிலேயே ஓடுவதும் நீர் வழிவதும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ரென்னன்' என்றால் ஓடுவது, 'ரின்னன்' என்றால் வழிவது. நம் 'ஓடை'யிலும் அந்த ஓட்டம் கேட்கிறதல்லவா?

அதைப் படித்த நாளிலிருந்து நம்முடைய 'ஓடு'வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது: இவ்வளவு தூரம் இரண்டும் கைகோத்து வருகின்றன. பதற்றத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்கிறோமே, அங்கே ரன் வராது. அமெரிக்கர்கள் தேர்தலுக்கு ஓடுகிறார்கள், நாம் நிற்கிறோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் நிற்கத்தான் செய்கிறார்கள்! ஒரு நோயோ குணமோ குடும்பத்தில் 'ரன்' ஆனால் அது பரம்பரையாக வருவது. குளியல் தொட்டியை 'ரன்' செய்தால் அதில் தண்ணீர் நிரப்புவது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை வேண்டும். அந்த வினையைத் தேர்ந்தெடுக்க, ஆங்கிலப் பொருள் எந்தக் கிளையில், அதாவது தொடர்புடைய பொருள்களின் எந்தத் தொகுப்பில், முளைத்தது என்று தெரிந்திருப்பது எனக்கு மிகவும் உதவுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு பொருள் இன்று எவ்வளவு புழங்குகிறது என்பது இந்த வரிசையிலிருந்து தெரியாது. வழக்கொழிந்த பொருள்களுக்குச் சிலுவை போன்ற குறி உண்டு என்றாலும், அன்றாடம் கேட்கும் பொருளுக்கு வெகுதூரம் கீழே இறங்க வேண்டும். பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டிய வரிக்கு இது தோதான கருவி அல்ல. ஆங்கிலம் கற்கத் தொடங்குபவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். புழக்கத்தில் உள்ளதை முன்னால் வைத்து, எளிய வாக்கியங்களோடு விளக்கும் மாணவர் அகராதியே அவர்களுக்குச் சரி. சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பல நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் உறுப்பினர்களுக்கு இதைத் திறந்து வைத்திருக்கின்றன.

மொழிபெயர்ப்பவர்கள் மட்டும் தயங்க வேண்டாம். முதலில் ரன்னைத் திறந்து, ஒரு நாளைக்கு ஒரு கிளை என்று படியுங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.