புளூட்னர் கிராண்ட் பியானோ: ஒரு குடும்பம் கைவிடாத நான்காவது தந்தி

1853-ஆம் ஆண்டில், நியூயார்க்கில் ஸ்டைன்வே அண்ட் சன்ஸ், பெர்லினில் பெக்ஸ்டைன், லைப்சிக்கில் புளூட்னர் என மூன்று பியானோ நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. இசையரங்க மேடைகளில் இன்று முதலில் காதில் விழும் பெயர் ஸ்டைன்வேதான். ஆனால் மூன்றில் தொடங்கியவரின் குடும்பத்தார் கையிலேயே இன்றும் இருப்பது புளூட்னர் மட்டுமே. பெக்ஸ்டைனை 1963-இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் வாங்கியது. ஸ்டைன்வேயை அதன் குடும்பமே 1972-இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. குடும்பத் தொழில் என்பதற்காகவே ஒரு கருவி நன்றாக ஒலித்துவிடாது. ஆகவே அந்தப் பெருமையை விளம்பரத்துக்கே விட்டுவிட்டு, அந்தக் குடும்பம் எடுத்த முடிவுகள் கருவிக்குள் எங்கே கேட்கின்றன, வாங்குபவருக்கு எங்கே செலவு வைக்கின்றன என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன். நான் வாசித்துப் பார்த்தவை இன்றைய தயாரிப்பான 190 செ.மீ. நீளமுள்ள ‘மாடல் 6’ கிராண்டும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த, பழுது பார்க்கப்பட்ட ஒரு பழைய கிராண்டும்.

நிறுவனர் ஜூலியஸ் புளூட்னர் 1824-இல் ஃபால்கன்ஹைன் என்ற சிற்றூரில் பிறந்தவர். மரவேலை கற்று, பின்னர் பியானோப் பட்டறைக்குப் போனவர். மூன்று தொழிலாளர்களுடன் அவர் லைப்சிக்கில் தொழில் தொடங்கியபோது, அந்நகரம் ஜெர்மானிய இசை வாழ்வின் நடுப்புள்ளியாக இருந்தது. கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழு அங்கேதான் இருந்தது. இசையமைப்பாளர் மெண்டல்சோன் 1843-இல் தொடங்கிய இசைக் கல்லூரியும் அங்கேதான் இருந்தது. கருவியைக் காது கொடுத்துக் கேட்டுக் குறை சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர்கள் பக்கத்திலேயே இருப்பது பியானோ செய்பவருக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1867-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. 1872-இல் ஹைன்ரிக் கிரெட்ஷல் என்பவருடன் சேர்ந்து, பியானோ கட்டுவது எப்படி என்று ஒரு பாடநூலையே ஜூலியஸ் எழுதி வெளியிட்டார். தொழில் நுட்பத்தைப் பட்டறைக்குள் பூட்டி வைப்பதே வழக்கமாக இருந்த ஒரு தொழிலில் இது அபூர்வமான செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1910-இல் அவர் இறந்தபோது, அவருடைய நிறுவனம் ஜெர்மனியின் மிகப் பெரிய பியானோ நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது. மக்ஸ், ராபர்ட், புருனோ என்ற மூன்று மகன்களும் அதை ஏற்று நடத்தினார்கள்.

அவர் விட்டுச் சென்றவற்றில் இன்றும் விலைப்பட்டியலில் தனித்துத் தெரிவது, 1873-இல் காப்புரிமை பெற்ற ‘அலிக்வாட்’ முறை. பியானோவின் மேல் சுரப் பகுதியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுருதியில் மூன்று தந்திகள் இருப்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. புளூட்னர் கிராண்டுகளில், மேலே உள்ள ஏறத்தாழ மூன்று ஸ்தாயிகளில், இந்த மூன்றுடன் நான்காவதாக ஒரு தந்தியும் கட்டப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தும்போது மற்றத் தந்திகளை அடிக்கும் சுத்தியல் அதைத் தொடுவதே இல்லை. சித்தாரில் மீட்டாமலே அதிரும் தரப் தந்திகளைப் போல, பக்கத்துத் தந்திகள் ஒலிக்கும்போது இதுவும் ஒத்ததிர்வால் தானே ஒலிக்கும். பழைய கருவியின் மூடியைத் தூக்கி, வலக்கைப் பக்கமாகக் குனிந்து பார்த்தால், மற்ற மூன்றைவிடச் சற்று உயரத்தில், தனக்கெனச் சிறு தாங்கிகளின் மேல் ஓடும் இந்தத் தந்தியை எளிதில் அடையாளம் காணலாம்.

இதற்கான காரணமும் தெளிவானதே. மேல் சுரங்களின் தந்திகள் மிகக் குட்டையானவை. சுத்தியல் தரும் ஆற்றலை அவை கணத்தில் செலவழித்துவிடுவதால், ஒலி ‘டக்’கென்று தொடங்கி உடனே மங்கிவிடும். பாட்டின் மெட்டு பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் நடக்கிறது என்பதால், இந்த மங்கலை எப்படித் தடுப்பது என்பது அக்காலப் பியானோக்காரர்கள் எல்லோருக்கும் தலைவலியாக இருந்தது. நியூயார்க்கில் தியோடர் ஸ்டைன்வே 1872-இல் காப்புரிமை பெற்ற ‘டூப்ளெக்ஸ்’ முறை, அதே தந்தியில் சும்மா கிடக்கும் எஞ்சிய நீளத்தையே அதிரவைத்துப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டே லைப்சிக்கிலிருந்து வந்த விடையோ புதிதாக ஒரு தந்தியையே கூட்டிவிட்டது. சிக்கனம் என்று பார்த்தால் ஸ்டைன்வேயின் வழிதான் புத்திசாலித்தனமானது. புளூட்னரின் வழியில் தந்திகள் கூடுகின்றன, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆணிகள் கூடுகின்றன, டியூனரின் வேலை நேரமும் கூடுகிறது. கணக்குப் பார்க்கும் ஒரு மேலாளர் எப்போதோ ஒருநாள் இதை வெட்டியிருப்பார். குடும்பம் வெட்டவில்லை.

அப்படியானால் அது காதுக்குக் கேட்கிறதா? மாடல் 6-இல் நான்காவது தந்திகளின் மேல் மட்டும் மெல்லிய கம்பளித் துண்டை வைத்து அவற்றை வாயடைத்துவிட்டு, மெதுவான ஒரு மெட்டை வாசித்தேன். பிறகு துண்டை எடுத்துவிட்டு அதே மெட்டை அதே அளவில் வாசித்தேன். உரத்து வாசிக்கும்போது வித்தியாசம் இருப்பதாக என்னால் சத்தியம் செய்ய முடியாது. வலப் பெடலை மிதித்துவிட்டாலும் அப்படித்தான்: தந்திகளின் அதிர்வை அடக்கும் டாம்பர்கள் எல்லாம் எழும்பி எல்லாத் தந்திகளும் சேர்ந்து அதிரும் நேரத்தில், கூடுதலான ஒரு தந்தியின் பங்கைப் பிரித்தறிவது கடினம். ஆனால் பெடலைத் தொடாமல், மிக மென்மையாக, ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி வாசித்தபோது வித்தியாசம் ஐயத்துக்கு இடமில்லாமல் கேட்டது. துண்டு இருந்தபோது சுரத்தின் வால் வறண்டிருந்தது. எடுத்த பிறகு அதில் ஒரு மினுக்கம் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர்கள் சொல்லும் அளவுக்கு அது மாயமும் இல்லை, எதிர்த்தரப்பினர் சொல்வதுபோல வெறும் அலங்காரமும் இல்லை. நல்ல சுருதியில் இருந்தால் மட்டுமே இந்தப் பயன் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்காவது தந்தியின் சுருதி சற்றே விலகினாலும் ஒத்ததிர்வு குறைந்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னால், மாடல் 6-ஐ வாங்குவதற்கான காரணம் அலிக்வாட் அல்ல, அதன் நடுப்பகுதிதான். நடு ஸ்தாயிக்கு மேலும் கீழும் ஒன்றரை ஸ்தாயி வரை, ஒலி உருண்டையாக, மனிதக் குரலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தாக்கம் கூர்மையாக முன்வந்து நிற்காமல், ஒலி மலர்ந்து விரிந்த பிறகே காதை எட்டுவதுபோல இருக்கிறது. பிராம்ஸின் பிற்காலச் சிறு படைப்புகளும் ஷூமனும் டெபுஸ்ஸியும் இதில் தங்களுக்கு உரிய இடத்தில் அமர்கிறார்கள். டெபுஸ்ஸியே தம் வீட்டில் அலிக்வாட் தந்தியுள்ள ஒரு புளூட்னர் கிராண்டை வைத்திருந்தார். அது இன்று பிரான்ஸில் பிரீவ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழ்ப்பகுதி தெளிவாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தாலும் உறுமுவதில்லை. புரோகோஃபியெஃப் போன்றவர்களின் இரும்படி தாளங்களை வாசிப்பவருக்கும், முழு இசைக்குழுவுக்கு மேலே எழும்ப வேண்டியவருக்கும் இந்த நிதானம் ஒரு குறையாகவே படும். அவர்கள் ஸ்டைன்வேயின் ஹாம்பர்க் தொழிற்சாலையில் செய்த கருவியைத் தேடிப் போவதை நான் தடுக்கமாட்டேன். கட்டைகளின் எடை சீராக இருக்கிறது. மிக மென்மையான வாசிப்பில்கூட ஒலி விட்டுப்போவதில்லை. வேலைப்பாட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இந்த விலையில் எதிர்பார்க்க வேண்டிய அளவுக்கு நேர்த்தியாகவே இருக்கிறது.

இந்த ஒலி குணம் எப்படி நிலைத்தது என்பதைப் புரிந்துகொள்ள, இருபதாம் நூற்றாண்டில் இந்தக் குடும்பம் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1932-இல், திருமண உறவால் குடும்பத்துக்குள் வந்த ருடால்ஃப் புளூட்னர்-ஹெஸ்லர் பொறுப்பேற்றார். ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலுக்கென எடை குறைந்த அலுமினியக் கலவையில், மஞ்சள் நிறப் பன்றித்தோல் போர்த்திய ஒரு சிறிய கிராண்டைச் செய்துகொடுத்தது அவர் காலத்தில்தான். 1936-இல் அட்லாண்டிக்குக்கு மேலே வாசிக்கப்பட்ட அந்தப் பியானோ, 1937 மே மாதத்தில் கப்பல் எரிந்தபோது அதில் இல்லை. ஆனாலும் அது தப்பவில்லை. 1943 டிசம்பரில் லைப்சிக்கின் மீது குண்டுகள் விழுந்தபோது, புளூட்னர் தொழிற்சாலையோடு அதுவும் அழிந்தது. போருக்குப் பின் சில ஆண்டுகள் கழித்துத்தான், கிழக்கு ஜெர்மனி என்றாகிவிட்ட நிலப்பகுதியில், உற்பத்தி மறுபடி தொடங்கியது.

1966-இல் ருடால்ஃபின் மகன் இங்பெர்ட் தலைமை ஏற்றார். 1972-இல் கிழக்கு ஜெர்மன் அரசு நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கியது. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்தில் ஸ்டைன்வே குடும்பம் விரும்பி விற்ற அதே ஆண்டில், இந்தப் பக்கத்தில் புளூட்னர் குடும்பத்திடமிருந்து தொழில் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் பெயர் பலகையிலிருந்து புளூட்னர் என்ற சொல் நீக்கப்படவில்லை; வெளிநாட்டுச் சந்தையில் அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பை விட்டுவிட எந்த அரசுக்கும் மனம் வந்திருக்காது. இங்பெர்ட்டும் விலகாமல், தமக்குச் சொந்தமில்லாத தம் தொழிற்சாலையைத் தொடர்ந்து நடத்தினார். 1990-இல் அது குடும்பத்துக்குத் திரும்பி வந்தபோது, கருவியின் அமைப்பை அறிந்த தலைமை இடையில் அறுபட்டிருக்கவில்லை என்பதே முக்கியம். பின்னர் லைப்சிக்கை ஒட்டிய குரோஸ்பெஸ்னாவில் புதிய தொழிற்சாலை எழுந்தது. இன்று இங்பெர்ட்டின் மகன்களான ஐந்தாம் தலைமுறையினர் நடத்துகிறார்கள். நவீன மாடல் 6-ஐயும் அந்த நூறாண்டு பழைய கிராண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது, நடுப்பகுதியின் சாயல் ஒரே வம்சம் என்று காட்டிக்கொடுத்தது. பல பழைய பெயர்களில் இது நடப்பதில்லை. பெயர் மட்டும் கைமாறி, கருவி வேறாகிவிடும்.

பழைய புளூட்னரை வாங்க நினைப்பவர்கள் இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் இரண்டாங்கைச் சந்தையில் இவை ஏராளமாகவும் மயக்கும் விலையிலும் கிடைக்கின்றன. அந்த விலைக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும், கட்டையின் அசைவைச் சுத்தியலுக்குக் கொண்டுசெல்லும் ஆக்‌ஷன்தான். ஜூலியஸ் தாமே வடிவமைத்த ‘பேட்டண்ட் ஆக்‌ஷன்’ என்ற எளிய அமைப்பை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் தாண்டியும் நிறுவனம் பல கருவிகளில் பொருத்தி வந்தது. பாரிஸ் பியானோக்காரர் எரார்ட் வழியில் வந்த, சுத்தியலை மறு அடிக்கு உடனே தயாராக்கும் இரட்டை விடுப்பு நெம்புகோல் இதில் கிடையாது. ஆகவே கட்டை முழுவதும் மேலே வராமல் அதே சுரத்தைத் திரும்ப அடிப்பது இன்றைய பியானோவில்போல எளிதாக நடக்காது. ஒழுங்காகச் சீர்செய்யப்பட்டிருந்தால் அதன் தொடுகை இலேசாகவும் நெருக்கமாகவும் இருக்கும். நான் வாசித்த பழைய கருவியில் மெதுவான பகுதிகள் புதியதைவிட அழகாக வந்தன என்றுகூடச் சொல்வேன். ஆனால் வேகமான மறு அடிகளும் நீண்ட சுர நடுக்கங்களும் வரும் இடத்தில் கை தடுமாறியது. தேர்வுக்குத் தயாராகும் மாணவருக்கு இது உகந்ததல்ல. இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு. ஆக்‌ஷனைப் பார்த்தவுடனே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகும் டியூனர்களும் உண்டு.

அடுத்தது, சுருதி ஆணிகளைத் தாங்கும் மரப்பலகை. நூறு ஆண்டுகளுக்கு மேல் வறண்ட அறைகளில் இருந்த கருவிகளில் இந்தப் பலகை வெடித்து, ஆணிகள் தளர்ந்து, சேர்த்த சுருதி சில வாரங்கள்கூட நிற்காமல் போகலாம். பலகையை மாற்றுவது பியானோ வாங்கிய விலையைத் தாண்டிவிடும். மூன்றாவது, அலிக்வாட் தந்திகளே காணாமல் போயிருப்பது. எல்லாத் தந்திகளையும் மாற்றும்போது, அடிக்கப்படாத தந்திக்கு எதற்குச் செலவு என்று சில பழுதுபார்ப்பாளர்கள் நான்காவதைக் கட்டாமலே விட்டுவிடுகிறார்கள். தாங்கிகள் மட்டும் சும்மா நிற்கும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார், மூடியைத் தூக்கி நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். இருக்கும் கருவிகளிலும் அவற்றின் சுருதியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: பழைய அமைப்பில் ஒரு பகுதி தந்திகள் மற்றவற்றைவிட ஒரு ஸ்தாயி மேலே சேர்க்கப்பட வேண்டியவை, உச்சிப் பகுதியில் உள்ளவை அதே சுருதியில் சேர்க்கப்பட வேண்டியவை. இது தெரியாத டியூனர் எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்து வைத்தால் தந்தி தாங்காது. பழைய கருவிகள் சிலவற்றில் 88-க்குப் பதில் 85 கட்டைகளே இருக்கும். வாசிக்கும் இசையைப் பொறுத்து அது ஒரு பொருட்டாக இல்லாமலும் போகலாம்.

புதிது வாங்கும் வசதி இருந்து, ஆனால் புளூட்னரின் முழு விலையைக் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு அதே குடும்பம் ஹெஸ்லர், இர்ம்லர் என்று வேறு இரு பெயர்களிலும் கருவிகளை விற்கிறது. இவற்றைப் பாதி விலைப் புளூட்னர் என்று எண்ணி வாங்கக் கூடாது. அலிக்வாட் தந்தியும் அந்த நடுப்பகுதியும் புளூட்னர் பெயர் தாங்கிய முதல் வரிசைக்கு உரியவை. மாடல் 6-இன் விலை, ஏறத்தாழ அதே நீளமுள்ள ஹாம்பர்க் ஸ்டைன்வேயைவிடப் பொதுவாகச் சற்றுக் குறைவாக இருக்கும். மறுவிற்பனையில் ஸ்டைன்வே என்ற பெயருக்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடைக்காது. அறை சிறியதாகவும், வாசிப்பது பாட்டுத்தன்மை மிகுந்த இசையாகவும், விற்கும் எண்ணம் இல்லாமலும் இருப்பவருக்கு நான் இதையே சொல்வேன். வாங்குவதற்கு முன், நான்காவது தந்தியைச் சேர்த்துப் பழகிய ஒரு டியூனர் எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள்.