பர்மிங்ஹாம் ராயல் பாலே: எதை முதலில் பார்ப்பது, எங்கே உட்காருவது

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து நடனக் குழுவான பர்மிங்ஹாம் ராயல் பாலேவுக்கு டிக்கெட் எடுக்க நினைப்பவர்கள் முன்னால் இரண்டு வகை மாலைகள் இருக்கின்றன. ஒன்று, 'நட்கிராக்கர்', 'ஸ்வான் லேக்' போன்ற முழுநீளப் பழைய பாலே. இன்னொன்று புதிய ஆக்கங்கள்: இரண்டு மூன்று சிறு படைப்புகளைச் சேர்த்த நிகழ்ச்சி, அல்லது ராக் இசைக்கு அமைத்த பெரிய நிகழ்ச்சி. பழசை முதலில் பாருங்கள், ஆனால் புதுசைத் தவறவிடாதீர்கள். இந்தக் குழுவின் புதிய ஆக்கங்களில் நின்று பேசுபவை எல்லாம் கூட்டமாக ஆடும் பின்வரிசையை நம்பி அமைக்கப்பட்டவை. சறுக்குபவை அந்த வரிசையைச் சும்மா அலங்காரத்துக்கு நிறுத்தியவை. அவர்களால் என்னென்ன முடியும் என்பது பழைய பாலேயில்தான் முழுசாகத் தெரியும்.

குழுவின் கதை சுருக்கமாக: நினெட் டி வலுவா தொடங்கிய, பின்னால் ராயல் பாலே என்று பெயர் பெற்ற குழு 1946-ல் கோவன்ட் கார்டன் ஆப்பரா அரங்கத்துக்குப் போனபோது, லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்துக்காக உருவான இரண்டாவது குழு இது. பிறகு ஊர் ஊராகச் சுற்றியது. பீட்டர் ரைட் இயக்குநராக இருந்த காலத்தில், 1990-ல், பர்மிங்ஹாம் ஹிப்போட்ரோம் அரங்கத்தில் குடியேறி இப்போதைய பெயரைப் பெற்றது. 1995 முதல் 2019 வரை டேவிட் பின்ட்லி, 2020 முதல் கியூபாவில் பிறந்த கார்லோஸ் அகோஸ்டா. ஏறக்குறைய 60 ஆட்டக்காரர்கள். ராயல் பாலே சின்ஃபோனியா என்று சொந்த இசைக்குழு உண்டு. ஒரு பிராந்தியக் குழுவுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ஊர் சுற்றும் குழு என்பது ஆட்டத்தையே பாதிக்கும். மேடையின் அகலமும் ஆழமும் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு ஊரிலும் முதல் வேலை, வினைல் விரிப்பைப் பரப்பி ஒட்டி, மேடையின் நடுக்கோட்டையும் கால்பங்குக் கோடுகளையும் அடையாளம் வைத்து, வரிசைகளைப் புதிதாக இடைவெளி பிரித்து நிறுத்துவது. மேடை குறுகினால் மூலைவிட்டமாக நிற்கும் அன்னப் பெண்கள் நெருங்க வேண்டியிருக்கும். அப்போது பின்னால் தூக்கிய கால் அடுத்தவர் மேல் படாமல் இருக்க ஒருத்தி காலைக் கொஞ்சம் தாழ்த்துவாள், அவளைப் பார்த்து இரண்டு பேர் தாழ்த்துவார்கள், வரிசையே அலையடித்த மாதிரி ஆகிவிடும். நல்ல ஒத்திகை ஆசிரியர் இதை முன்கூட்டியே பார்த்து, எல்லாருடைய காலையும் ஒரே உயரத்துக்குக் குறைத்துவிடுவார். தூக்கிய உயரம் குறைந்தால் பார்வையாளருக்குத் தெரியாது, சீர் கெட்டால் கட்டாயம் தெரியும்.

'நட்கிராக்கர்' விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தக் குழுவிடம் இரண்டு 'நட்கிராக்கர்' உண்டு. ஒன்று, ஹிப்போட்ரோமுக்காகப் பீட்டர் ரைட் 1990-ல் அமைத்தது, ஜான் மக்ஃபார்லேன் வடிவமைத்த அரங்கப் பொருட்களும் உடைகளும் கொண்டது. குழுவை வரவேற்ற நகரத்துக்கான நன்றிக் காணிக்கையாகவே அது அரங்கேறியது. இன்னொன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்காகத் தயாரானது. ஆல்பர்ட் ஹாலில் திரைகளையும் காட்சிகளையும் மேலே இழுத்துக்கொள்ளும் கோபுரம் கிடையாது. அதனால் அங்கே பெரும்பாலானவற்றை ஒளிப்படங்களே செய்கின்றன. லண்டன் ராயல் பாலேவின் 'நட்கிராக்கர்' கூட ரைட்டுடையதுதான், ஆனால் அது 1984-ல் வேறாக அமைக்கப்பட்டது. மூன்றையும் ஒன்று என்று நினைத்து டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்றால் ஹிப்போட்ரோமில் பாருங்கள். கிறிஸ்துமஸ் மரம் வளர்ந்து மேடையை விழுங்கும் இடம், கதைநாயகி கிளாரா பெரிய வாத்தின் மேல் பறந்து வரும் இடம், இரண்டுமே மேடை இயந்திரம் இல்லாமல் நடக்காதவை.

அந்த மரத்தைவிட முக்கியமானது பனிக்காட்சி. காகிதப் பனி விழ ஆரம்பித்ததும் ஆட்டக்காரர்களின் கால்களைப் பாருங்கள். வினைல் விரிப்பில் விழுந்த காகிதத்தின் மேல், விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூவின் நுனி ஊன்றினால் வழுக்கும். வழுக்கிவிடுமோ என்று பயப்படுகிறவள் உடம்பின் எடையைப் பின்னால் வைத்துக்கொள்வாள். அப்போது அவளுடைய ஓட்டம் ஒரு நொடி பிந்தும். பயம் இல்லாத வரிசை எடையை முன்னால் போட்டு ஓடும், காகிதம் காலைச் சுற்றி எழும்பும். பர்மிங்ஹாம் குழு இந்தக் காட்சியில் நம்பிக்கையோடு ஓடுகிறது. வருஷா வருஷம் அதே காட்சியை ஆடி ஆடி வந்த துணிச்சல் அது. கிளாரா வேடத்தைச் சிறுமிக்குக் கொடுக்காமல் குழுவின் ஆட்டக்காரரே ஆடுவதும் நல்ல முடிவு. முதல் பாகம் வெறும் விருந்துக் காட்சியாகத் தேங்காமல் ஆட்டமாக நகர்கிறது.

'ஸ்வான் லேக்' ரைட்டும் கலீனா சாம்சோவாவும் சேர்ந்து 1981-ல் அமைத்தது. இறந்துபோன அரசனின் சவ ஊர்வலத்தோடு தொடங்கும். இளவரசன் ஏன் சோகமாகவே இருக்கிறான் என்ற கேள்விக்கு முதல் நிமிடத்திலேயே பதில் கிடைத்துவிடும். இந்த அளவுள்ள குழுவில் மூன்றாம் அங்கத்தில் ஸ்பானிஷ், ஹங்கேரிய நடனங்களைக் குதிகால் ஷூவில் ஆடியவர்களே நான்காம் அங்கத்தில் அன்னங்களாக வர வேண்டியிருக்கும். அதனால் வரிசையைச் சோதிக்க இரண்டாம் அங்கத்தை நம்பாதீர்கள், நான்காம் அங்கத்தைப் பாருங்கள். கெண்டைக்கால் களைத்த பிறகு கைகள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்: முழங்கை தொங்கும், மணிக்கட்டு உடையும்.

மூன்றாம் அங்கத்தின் 32 ஃபுவெத்தே சுழல்களில் (ஒரு காலில் ஊன்றி, மறுகாலை வீசிச் சுழல்வது) எல்லாருக்கும் கண் காலில். காதை இசையில் வையுங்கள். நட்டுவனார் தட்டுக்கழி பிடித்து ஆடுபவரின் பாதத்தைப் பார்ப்பது போல, இங்கே இசை நடத்துநர் கீழேயிருந்து ஆட்டக்காரியின் ஊன்றிய காலைப் பார்க்கிறார். அந்தக் கால் இடம்விட்டு முன்னால் நகர ஆரம்பித்தால் தாளத்தை ஒரு மயிரிழை இறுக்குவார் அல்லது தளர்த்துவார். ஒலிப்பதிவில் இது நடக்காது. ஆகையால் வெளியூர் அரங்குகளில் எடுக்கும்போது, நிகழ்ச்சிப் பக்கத்தில் ராயல் பாலே சின்ஃபோனியாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இப்போது ஷூ. பாயின்ட் ஷூவின் முன்பெட்டி மரம் இல்லை. துணி, சாக்குத்துணி, அட்டை, பசை ஆகியவற்றை அடுக்கி இறுக்கியது. வியர்வையில் ஊறும், இளகும். கடினமான முழுநீள பாலேயில் முன்னணி ஆட்டக்காரி ஒரே மாலையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை முடித்துவிடுவது வழக்கம். ரிப்பனையும் எலாஸ்டிக்கையும் அவரவரே தைத்துக்கொள்கிறார்கள். சத்தம் குறைய நுனியைக் கல்தரையில் அடித்துப் பதப்படுத்துகிறார்கள். பெட்டி சீக்கிரம் இளகாமல் இருக்க உள்ளே ஷெல்லாக் என்ற அரக்குக் கரைசலை ஊற்றிக் காயவைப்பவர்களும் உண்டு. அளவுக்கு மீறி ஊற்றினால் பாதம் வளையாது, நுனியிலிருந்து இறங்கும்போது 'டப்' என்று விழும். முன்வரிசையில் இருந்தால் இருபது ஜோடி ஷூக்கள் இறங்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். பாதத்தை உருட்டி இறங்கக் கற்ற கூட்டம் என்றால் மெல்லிய சலசலப்புதான் வரும்.

புதுப் படைப்பு மாலைகளில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. முதல் படைப்பு பாயின்ட் ஷூவில், அடுத்தது சாக்ஸில், மூன்றாவது குதிகால் செருப்பில் என்று போனால் உடம்பு ஒவ்வொரு முறையும் வேறு கணக்கில் வேலை செய்ய வேண்டும். சாக்ஸில் சுழல்வது எளிது, நிற்பது கடினம். குதிகால் உயர்ந்தால் எடை முன்பாதத்துக்குப் போகும், இடைவேளையில் ஆறிப்போன கெண்டைத்தசை பிடித்துக்கொள்ளும். ஆட்டக்காரர்களின் காயங்களைத் தடுக்கவும் சிகிச்சை தரவும் இந்தக் குழு ஜெர்வுட் மையம் என்று தனியாக ஒன்றை வைத்திருப்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

பின்ட்லிக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. 1995-ல் இயக்குநராக வந்ததும் அவர் தந்த 'கார்மினா புரானா'வில், விதி தேவதை கண்ணைக் கட்டிக்கொண்டு கறுப்புக் குதிகால் செருப்பில் தனியாக நின்று தொடங்குவாள். செருப்பு அங்கே அலங்காரம் இல்லை, பாத்திரமே அதுதான்: வேகமும் வெட்டும் அந்தக் குதிகாலிலிருந்து வருகின்றன. 1989-ல் வந்த 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' சால்ஃபர்டில் பூட்ஸ் தைக்கும் கடையின் கதை. வடக்கு இங்கிலாந்துக்கே உரிய மரக்காலணி ஆட்டம் அதில் பாலேயோடு இழைந்து வருகிறது. 2009-ல் வந்த, ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே பெயராகக் கொண்ட படைப்பில், அணுகுண்டுக்கான பகுதியில் சிவப்பு விசிறியோடு ஒரே ஒரு பெண்தான் மேடையில். மற்ற பகுதிகளில் கூட்டம் அதிவேகமாகப் பாய்ந்த மேடை அங்கே வெறிச்சென்று கிடப்பதுதான் நெஞ்சை அடைக்கிறது. கூட்டத்தை எப்போது ஆடவிடுவது, எப்போது வெளியே அனுப்புவது என்று தெரிந்த ஒருவரின் வேலை அது. புதுசு என்றால் பின்ட்லியிலிருந்து தொடங்குவதே நல்லது.

அகோஸ்டாவின் காலத்தில் புதுமையின் முகம் நகரத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2021-ல் மிகேல் அல்துனாகா அமைத்த 'சிட்டி ஆஃப் எ தவுசண்ட் டிரேட்ஸ்' பர்மிங்ஹாமின் தொழில்களையும் அங்கே வந்து குடியேறியவர்களின் குரல்களையும் எடுத்துக்கொள்கிறது. 2022-ல் வந்த 'டான் கிஹோத்தே' குதூகலமானது, ஆண்களின் தாவல்களுக்காகவே பார்க்கலாம். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை.

'பிளாக் சபாத்: தி பாலே' பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1968-ல் பர்மிங்ஹாமிலேயே உருவான பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழுவின் பாடல்களுக்கு, 2023 செப்டம்பரில் ஹிப்போட்ரோமில் அரங்கேறியது. பர்மிங்ஹாம் நகராட்சி கையில் காசில்லை என்று அறிவித்ததும் அதே மாதம்தான். பிறகு 2025–26 நிதியாண்டில் இந்தக் குழு உட்படப் பெரிய கலை நிறுவனங்களுக்கான மானியத்தை நகராட்சி முழுவதும் நிறுத்த முடிவெடுத்தது. மூன்று அங்கங்களையும் மூன்று பேர் அமைத்தார்கள்: ராவுல் ரெய்னோசோ, காசி அப்ராஞ்சஸ், மூவருக்கும் தலைமை நடன அமைப்பாளரான பொன்டஸ் லிட்பெர்க். பாடல்களை பாலேவின் வாத்திய இசைக்குழுவுக்கு விரித்து எழுதும் பணிக்குத் தலைமை கிறிஸ்டோபர் ஆஸ்டின். மேடையில் ஆட்டக்காரர்களுக்கு நடுவே கிட்டார் கலைஞர் ஒருவரும் நடமாடுகிறார்.

முதல் அங்கம் அபாரம். கனமான தாளத்துக்குத் தலையை ஆட்டித் திருப்தி அடையாமல், கூட்டம் தொழிற்சாலை இயந்திரம் மாதிரி இறுகி இயங்குகிறது. வருஷக் கணக்காக அன்னமும் பனியும் ஆடிய கால்களுக்கு மட்டுமே வரும் ஒற்றுமை அது. இரண்டாம் அங்கம் தளர்கிறது. பிளாக் சபாத் குழுவினரின் பதிவுசெய்த பேச்சு அதில் நிறைய இடத்தை எடுத்துக்கொள்கிறது. பேச்சுக்கு நிலையான தாளம் கிடையாது, ஆடுபவர்கள் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு ஆட வேண்டும். பார்ப்பவரின் கவனமும் சொல்லின் பின்னால் போய்விடுகிறது, அசைவு பேச்சுக்குப் படம் போடுவதாகச் சுருங்குகிறது. சிறு வயதிலேயே தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த, பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, அந்தக் குறையோடு கிட்டார் வாசித்து அந்தக் கனத்த ஒலியைக் கண்டெடுத்தார். உடம்பின் எல்லையிலிருந்து கலை பிறந்த கதை. பேச்சே இல்லாமல் ஆடிக் காட்டத் தகுந்ததும்கூட. மூன்றாம் அங்கத்தில் கூட்டம் திரும்ப வருகிறது, நிகழ்ச்சி உயிர்பெறுகிறது.

இதற்கு இருக்கை தேர்ந்தெடுக்கும்போது ஒலிபெருக்கியைக் கணக்கில் எடுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் கிட்டார் மட்டும் அறையும், வயலின்கள் கரைந்துபோகும். நடுப்பகுதியின் பின்பாதி சரி. 'ஸ்வான் லேக்', 'நட்கிராக்கர்' இரண்டுக்கும் மாடியின் முன்வரிசைகள்தான் சிறந்தவை. வரிசைகள் வரைகிற கோலம் மேலிருந்துதான் தெரியும். கீழ்த்தளத்தின் முதல் சில வரிசைகளில் மேடை விளிம்பு பாதங்களை மறைக்கக்கூடும். 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' மட்டும் விதிவிலக்கு: முகபாவம்தான் அதன் உயிர், அதைக் கீழ்த்தளத்தில் நடுவே, மேடைக்கு ஓரளவு அருகில் உட்கார்ந்து பாருங்கள்.