மெய்ன் ஆணையமா, நியூ மெக்சிகோ துறையா?

மாநில அரசும், பழங்குடிகள் தமக்கென நடத்தும் அரசுகளும் பேசிக்கொள்ள அமெரிக்காவில் ஒரே வழி என்று இல்லை.

மெய்ன் மாநிலத்தில் பழங்குடிகளின் நில உரிமைக் கோரிக்கை குறித்த 1980-ன் தீர்வோடு இரு தரப்புக்கும் பொதுவான ஒரு கூட்டு ஆணையம் பிறந்தது. இன்று அதில் 13 இருக்கைகள். ஆறு பேரை ஆளுநர் நியமிக்கிறார். பாசமகுவாடி, பெனோப்ஸ்காட், மாலிசீட் ஆகிய மூன்று பழங்குடிகளும் தலா இருவரை அனுப்புகின்றன. ஆறுக்கு ஆறு, பதின்மூன்றாமவரான தலைவரை இந்தப் பன்னிருவரே தேர்ந்தெடுக்க வேண்டும். காகிதத்தில் அழகான கணக்குதான். ஆனால் ஆளுநர் நியமனத்தைத் தள்ளிப்போட்டால் மேசையின் ஒரு பக்கம் காலி. அதிகாரமும் குறைவு: சில நீர்நிலைகளில் மீன்பிடி விதி வகுக்கலாம், மற்றபடி பெரும்பாலும் ஆய்வும் பரிந்துரையும்தான். பணம் எங்கிருந்து வந்தாலும் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது சட்டம். அப்புறம் என்ன, யார் எவ்வளவு தருவது என்பது ஒவ்வொரு முறையும் பேச்சுதான்.

நியூ மெக்சிகோவில் பழங்குடி விவகாரங்களுக்கு அமைச்சரவை அளவிலான துறையே உண்டு. செயலர் ஆளுநரின் ஆள், பட்ஜெட் சட்டமன்றத்தின் கையில். 2005-ல் தனி உள்கட்டமைப்பு நிதியும் வந்தது: எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான வரியை நம்பி மாநிலம் வெளியிடும் கடன் பத்திரங்களின் பணத்தில் ஒரு பங்கு குடிநீர்க் குழாய், சாலை போன்ற வேலைகளுக்குப் போகிறது. 23 பழங்குடி அரசுகள் விண்ணப்பிக்கலாம்.

குழாய் போட வேண்டுமென்றால் நியூ மெக்சிகோ முறையே மேல். ஆனால் அரசையே கேள்வி கேட்க வேண்டுமென்றால், அந்த அரசின் துறை எவ்வளவு தூரம் போகும்? அங்கே மெய்ன் பக்கம்தான் சாய்வேன்.