எல்லைப்புறச் சபை ஒன்றின் கர்ப்பகால உதவி மையம்: எது நன்று, எது உடனே மாற வேண்டும்

கேரள எல்லையை ஒட்டி, மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையே, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஒரு கிறிஸ்தவச் சபை நடத்தும் கர்ப்பகால உதவி மையம் இது. பெயரை எழுதவில்லை. அங்கே போகிற பெண்களை ஊர் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது. எதிர்பாராமல் நாள் தள்ளிப்போய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற பெண்ணுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை, ஆலோசனை, பிரசவம் வரை துணை, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை சிறு பண உதவி, எல்லாமே இலவசம். எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்பதில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை 10 மணி முதல் 1 மணி வரை திறந்திருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உள்ளே இருக்கும் பெண்கள் அருமையானவர்கள். "இருங்க மக்களே, முதல்ல தண்ணி குடிங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதட்டல் இல்லை, வேதவசனத்தை எடுத்து வீசுவதும் இல்லை. கெடுப்பது மையத்தின் தாள்கள். படிவம், துண்டுப்பிரசுரம், பதிவேடு மூன்றிலும் பிழை இருக்கிறது, அந்தப் பிழை ஒரு பெண்ணின் உடம்பிலும் பெயரிலும் போய் முடியக்கூடியது. மூன்றையும் திருத்தினால் இந்த வட்டாரத்தில் வேறெந்தச் சபையும் இதைப் பார்த்துத் தொடங்கலாம்.

முதலில் நேரம். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ஏராளமான பெண்கள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், வேலை செய்கிறார்கள். காலை 10 மணிக்கு அவர்கள் வரவேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும், மேஸ்திரியிடம் காரணமும் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மாலை 5 முதல் 7 வரை திறப்பது அவசியம். வாசல் சபை அலுவலகத்தை ஒட்டி இருப்பதும் சரியில்லை. கல்யாண ஓலை எழுதவும் கல்லறைக் கட்டணம் கட்டவும் வருகிறவர்கள் கண்ணில் படாமல் யாரும் உள்ளே போக முடியாது. பின்பக்கம் தையல் வகுப்பு நடக்கும் அறைக்குத் தனி வாசல் உண்டு. அங்கே மாற்றினால் வருகிறவள் தையல் படிக்க வந்தவள் போலத்தான் தெரிவாள்.

சிறுநீர்ப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்கிறார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்கிறார்கள், அட்டையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்குள் கோட்டைப் பார்த்துவிடுகிறார்கள். நேரம் கடந்து தெரியும் மங்கிய கோட்டை நம்புவதில்லை. கோடு வராமல், மாதவிலக்கும் வராமல் இருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்கிறார்கள். ஸ்கேன் இங்கே எடுப்பதில்லை. அதுவும் சரி. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாத இடத்தில் ஸ்கேன் கருவி வைத்திருப்பதே குற்றம். குழித்துறை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புகிறார்கள், கேட்டால் ஒருவர் கூடவே போகிறார். கூடப் போவதுதான் இந்த மையத்தின் சிறந்த சேவை.

இனி படிவம். அதில் "எத்தனை மாதம்?" என்று ஒரு கட்டம். இது பெரிய தவறு. மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கணக்கிடுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. வருகிற பெண் கணக்கிடுவதோ நாள் தள்ளிய தேதியிலிருந்து. மார்ச் 10இல் கடைசியாக விலக்கானவள், ஏப்ரல் 7இல் வரவேண்டியது வரவில்லை என்று அன்றிலிருந்து எண்ணினால் நான்கு வாரம் குறைந்துவிடும். ஜூன் 9இல் வந்து "ரெண்டு மாசம்" என்பாள். உண்மையில் 13 வாரம். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தது, 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி மாத்திரைக்கு 9 வாரம். ஒரு மருத்துவரின் கருத்தோடு 20 வாரம். வன்கொடுமைக்கு ஆளானவர், 18 வயதுக்குக் கீழானவர், கர்ப்பகாலத்தில் விதவையானவர் அல்லது மணமுறிவு பெற்றவர் போன்ற சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம். அதற்கு மேல் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவின் முடிவு. மணமாகாத பெண்ணையும் அந்த 24 வாரப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த எல்லைகளுக்கு நடுவே நான்கு வாரப் பிழை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கட்டத்தில் மாதம் வேண்டாம், தேதி எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் கோயில் திருவிழா, ஓணம், பள்ளித் தேர்வு என்று எதையாவது வைத்துக் கேட்டுக் கண்டுபிடியுங்கள்.

அதே படிவத்தின் அடியில் "கணவர் / பெற்றோர் கையொப்பம்" என்று ஒரு கோடு. 18 வயது நிறைந்த பெண்ணுக்குச் சிகிச்சையில் அவளுடைய சம்மதம் மட்டும்தான் சட்டத்துக்கு வேண்டும். ஆலோசனைக்கு வந்தவளிடம் வேறொருவர் கையொப்பம் கேட்பது அவளைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். அடித்துவிடுங்கள்.

கருவில் இருக்கும் உயிரைப் பற்றிய மையத்தின் நம்பிக்கையில் எங்களுக்கு வேறுபாடு இல்லை. "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்கிறது சங்கீதம் 139. மரியாளின் வாழ்த்துதலைக் கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியதை லூக்கா எழுதுகிறார். திதாக்கே என்ற ஆதித் திருச்சபை நூல் கருவைக் கலைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இவ்வளவே போதும். ஆனால் துண்டுப்பிரசுரம், சண்டையில் கர்ப்பவதி அடிபடுவதைச் சொல்லும் யாத்திராகமம் 21:22ஐத்தான் முதல் ஆதாரமாக வைக்கிறது. அந்த வசனம் குறைப்பிரசவத்தைச் சொல்கிறதா, கரு சிதைந்ததைச் சொல்கிறதா என்பதில் மொழிபெயர்ப்புகளே ஒத்துப்போவதில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு உருவான கரு, உருவாகாத கரு என்று பிரித்தே பேசுகிறது. நர்சிங் படித்த பெண் ஒருத்தி வீட்டில் போய்த் தேடிப் பார்த்தால் மற்ற வசனங்களையும் சந்தேகிப்பாள்.

இதைவிட மோசம் பிரசுரத்தின் பின்பக்கம். கருக்கலைப்பு செய்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று அச்சடித்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003இல் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்து, அப்படித் தொடர்பு இல்லை என்று முடிவு சொல்லியாயிற்று. கருக்கலைப்புக்கான இரண்டு மாத்திரைகளில் முதலாவதை விழுங்கிவிட்டாலும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைக் கொடுத்துத் திருப்பிவிடலாம் என்று இன்னொரு வரி. இது நிரூபிக்கப்படாதது. அமெரிக்காவில் இதைச் சோதித்த ஓர் ஆய்வு, பங்கெடுத்த பெண்களுக்குக் கடும் இரத்தப்போக்கு வந்ததால் 2019இல் பாதியில் நிறுத்தப்பட்டது. உயிர் பரிசுத்தமானது என்று சொல்கிற சபை பொய் சொல்லி ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. பொய் வெளிப்பட்டால் அந்தப் பெண் சபையை விட்டுப் போவாள், அடுத்த தடவை உதவி கேட்கவே வரமாட்டாள்.

"அடுத்த வாரம் வாங்க, யோசிச்சுப் பேசலாம்" என்று நாள் கடத்தும் பழக்கம் சில மையங்களில் உண்டு. இங்கே அது இல்லை, அதற்காகப் பாராட்டுகிறோம். கடைசியில் அவள் கருக்கலைப்புக்குத்தான் போகிறாள் என்றால், வாரம் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

வழிகாட்டிக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும், அதுவும் முதல் பக்கமாக. ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இருந்தால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். ஆலோசனை பிறகு, உடனே 108. அந்தக் கருவைப் பிழைக்க வைக்க வழியில்லை, குழாய் வெடித்தால் தாயும் போவாள். கத்தோலிக்க மருத்துவமனைகளிலும் பாதிக்கப்பட்ட குழாயை அகற்றுகிறார்கள், இதில் தயங்க எந்தச் சபைக்கும் காரணம் இல்லை. மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வருகிறவளுக்கும் இதே பக்கம் வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் போட்டால் குழாயில் தங்கிய கரு மறைந்தே கிடக்கும், மாத்திரை அதற்கு வேலை செய்யாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு தடித்த நாப்கின் நனைந்து, தொடர்ந்து இரண்டு மணி நேரம் அப்படியே போனால், அல்லது காய்ச்சலும் துர்நாற்றமும் வந்தால் ஆஸ்பத்திரிதான். இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். விட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரலாம்.

சுவரில் "இங்கே பேசுவது எல்லாம் இரகசியம்" என்று எழுதியிருக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவளுக்கு அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அப்படி ஒரு குற்றம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே இதை மென்மையாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் அங்கேயே எழுதி வையுங்கள். 2022 தீர்ப்பு சிறுமியின் பெயரைப் புகாரில் வெளியிடாமலிருக்கச் சிகிச்சை தரும் மருத்துவருக்கு இடம் தந்திருக்கிறது, அவளும் வீட்டாரும் அதைக் கேட்டுக்கொள்ளலாம். சபை மூப்பர்கள் கூடி இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது இங்கே வழியே அல்ல.

பதிவேடு. பெயர், வீட்டுப் பெயர், சபை எல்லாம் ஒரே நோட்டில், அதுவும் அலுவலக மேசையில். சாவி செயலாளரிடம். பெயரை எடுத்துவிட்டு எண் போடுங்கள். எண்ணுக்குரிய பெயர் வேறொரு நோட்டில், ஆலோசகர் ஒருவரிடம் மட்டும். சிகிச்சை பெற்றவரின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு 2021 திருத்தம் ஓராண்டு வரை சிறை வைத்திருக்கிறது. சபை அதைவிடக் குறைந்த கவனம் காட்டினால் நியாயமில்லை.

அதே நோட்டின் பின்னால் பிள்ளையில்லாத தம்பதிகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள், ஆனாலும் கிழித்துப் போட வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தைத் தாண்டிப் பிள்ளையைக் கைமாற்றுவது குற்றம், பணம் புழங்கினால் இன்னும் பெரிய குற்றம். ஒப்படைக்க விரும்பும் தாய் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் கையெழுத்திட வேண்டும், மனம் மாற அவளுக்கு 60 நாள் உண்டு. அந்த 60 நாளும் அவளோடு இருக்க ஓர் ஆளைச் சபை நியமிப்பது எந்தப் பட்டியலையும்விட மேலானது. எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் தைக்காட்டில் கேரள மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சில் 2002இல் தொடங்கிய அம்மத்தொட்டில் இருக்கிறது, வளர்க்க முடியாத பிள்ளையைப் பாதுகாப்பாக விட்டுச்செல்லும் இடம். தமிழ்நாட்டில் அதே நோக்கத்தோடு 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். மையத்தின் தகவல் அட்டையில் தமிழ்நாட்டு எண்கள் மட்டுமே உள்ளன. பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் இங்கே வருகிறார்கள், இங்குள்ளவர்கள் முகம் தெரியாத இடம் வேண்டும் என்று அங்கே போகிறார்கள். கேரள எண்களும் மலையாள அட்டையும் கட்டாயம் வேண்டும்.

பண உதவியில் கை தாராளம், ஆனால் அரசு தருவதை முதலில் வாங்கிக் கொடுக்கலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண் எடுத்துப் பதிய வேண்டும், 19 வயது நிறைந்திருக்க வேண்டும், இரண்டு பிரசவத்துக்கு மட்டும். அண்டி ஆபீஸ் பெண்ணிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. போதிய நாள் சந்தா கட்டியிருந்தால் 26 வாரம் பேறுகாலப் பயன் கிடைக்கும், கரு சிதைந்தாலும் 6 வாரம் உண்டு. பிள்ளையைப் பெற்றால் சோற்றுக்கு என்ன செய்வேன் என்ற பயத்துக்கு அந்த அட்டை பாதிப் பதில். மையத்தின் நிதியை அட்டை இல்லாதவர்களுக்கும் 19 வயது ஆகாதவர்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கருவைக் கலைத்துவிட்டு வருகிறவளுக்கு இங்கே இன்னும் இடம் போதவில்லை. அவளுக்கென்று ஒரு நேரமோ ஆளோ இல்லை. கத்தோலிக்கர் என்றால், எந்தக் குருவிடமும் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெறலாம் என்று போப் பிரான்சிஸ் 2016 நவம்பரில் நிரந்தரமாக்கியதைச் சொல்லி அனுப்புங்கள். ஆயரிடம் போக வேண்டும் என்று நினைத்துப் பல ஆண்டு ஒதுங்கி நிற்பவர்கள் உண்டு. மற்றச் சபைகளில் போதகர் தனியாகச் சந்தித்து ஜெபிக்கட்டும், ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்ல வேண்டாம். பெண்ணை மட்டும் திருவிருந்திலிருந்து நிறுத்திவிட்டு, காரணமானவனைப் பாடகர் குழுவில் விட்டுவைப்பது அநியாயம். யோசேப்பு மரியாளை அவமானப்படுத்த மனதில்லாமல் இருந்ததை மத்தேயு முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறார். கர்ப்பத்துக்குக் காரணமான பையனையும் மையத்துக்கு அழைக்க வேண்டும். ஆண்களிடம் பேச ஓர் ஆண் ஆலோசகர் இங்கே இல்லை, இது உடனே நிரப்ப வேண்டிய இடம்.

இப்போதைக்கு யார் போகலாம்? பிள்ளையைப் பெற்று வளர்க்க விரும்பி, வீட்டில் துணையில்லாதவர்கள் தயங்காமல் போகலாம். போகும்போது கடைசி மாதவிலக்குத் தேதியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், இரத்த வகை அட்டையும் இ.எஸ்.ஐ. அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் போடுகிறார்கள். இரத்தப்போக்கோ வலியோ இருப்பவர்கள் மையத்துக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மையத்தின் போன் எண்ணில் கூப்பிட்டால் அங்கே வந்து நிற்க ஒருவரை அனுப்புவார்கள், இரவிலும்.